செத்த கோழியை வெறும் கையால் தூக்காதீர்கள்

போன மார்கழியில் ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே செத்த நாட்டுக்கோழி. மேசையில் போட்டு, கொண்டையை விரலால் விரித்துக் காட்டினார். ஓரமெல்லாம் கருநீலம். "நேத்துப் பொழுதோட நல்லாத்தானுங்க மேஞ்சுது சார், விடிஞ்சு பாத்தா கவுந்து கெடக்குது." இன்னொரு கோழியும் தலையைத் தொங்கப் போட்டதாம். சாகும் முன்னால் அறுத்து, இறகு பிடுங்கி, மகள் வீட்டுக்குக் கறியாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நாமக்கல் பக்கம் இருபது வருஷமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே, "முட்டை சாப்பிடலாமா?" என்றுதான் போன் வரும். செத்த கோழியைத் தொடலாமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் கவலையெல்லாம் அதில்தான்.

முட்டைக்குப் பதில் சுலபம். 70 டிகிரி சூட்டில் இந்த வைரஸ் செத்துவிடும். கொதிக்கிற குழம்பு அதைவிடச் சூடு. எலும்போரம் வரை வெந்த கறியும் மஞ்சள் கரு கெட்டியான முட்டையும் பயமில்லை. பக்கத்தில் நோய் இருக்கும்போது ஆஃப் பாயில் மட்டும் வேண்டாம்.

வைரஸ் இருப்பது பறவையின் எச்சத்திலும் சளியிலும் ரத்தத்திலும். இறகு பிடுங்கி, குடல் எடுத்த கையால் கண்ணைக் கசக்கினால் போதும். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். அங்கே தொற்று வந்தது உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்து. 2025இல் ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இதே காய்ச்சலில் இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றை அது தின்றிருந்ததாக வீட்டார் சொன்னார்கள். கறி நறுக்குகிற இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். பச்சைக் குடலைப் பூனைக்கும் போடாதீர்கள், அதற்கும் தொற்றும்.

கேரளாவின் குட்டநாட்டில் வாத்துகள் சாகிற செய்தி வந்தால் எங்கள் ஊர்ப் பண்ணைகள் உஷாராகிவிடும். கேரளாவுக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிக்கு மருந்து அடிக்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். வீட்டுக் கோழிக்கு அந்தக் காவல் கிடையாது. வாத்து சில சமயம் நோயே தெரியாமல் நடமாடிக்கொண்டு வைரஸைப் பரப்பும். அதனால் வாத்துக்கும் கோழிக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள்.

அந்த அம்மாவின் கோழிக்கு வந்தது பறவைக் காய்ச்சல் இல்லை, வெள்ளைக்கழிச்சல் என்று ஆய்வக முடிவு வந்தது. ஆனால் கொண்டையைப் பார்த்து அதை அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பறவைக் காய்ச்சலை உறுதி செய்ய மாதிரி போபால் ஆய்வகம் வரை போக வேண்டும். அதனால்தான் சந்தேகமான கோழியை நாங்களே செத்த இடத்தில் வைத்து அறுத்துப் பார்ப்பதில்லை.

ஒன்றிரண்டு நாளில் அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் தொடாமல் மூடி வைத்துவிட்டு, 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஆற்றில் வீசுவதும், மிச்சக் கோழிகளை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவதும் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களே என்ற பயம் எனக்குப் புரிகிறது. நோயைத் தடுக்க அழிக்கப்படும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு.

ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? சரி, சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள், துணியை மாற்றுங்கள். அடுத்த பத்து நாளில் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போய், செத்த கோழியைத் தொட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்கு மாத்திரை இருக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளி என்றுதான் நினைப்பார்.