ஒரே தட்டில் விழும் எடைகள்: ஜப்பானியம் தகவல் மேல் தகவல் சேர்க்கும் விதம்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை எழுதப் போகிறாராம். "சோஷிதே, சோரேகாரா, சோரேநி, சோனோ உஎ, ஷிகாமோ, சராநி, ஒமாகேநி என்று வரிசையாக வருகிறது. அகராதியில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 'மேலும்' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். தேர்வில் மட்டும் ஏதோ ஒன்றுதான் சரி என்கிறார்கள். எதை வைத்துப் பிரிப்பது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் இலக்கணப் புத்தகத்தைவிட நிகழ்தகவுக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் சுலபமானவற்றைத் தள்ளிவிடலாம். சோஷிதே எந்தப் பக்கமும் சாயாதது. இரண்டு வாக்கியங்களை ஒட்டவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. சோரேகாரா நம்முடைய 'அப்புறம்' மாதிரி. முதலில் இது, பிறகு அது என்று வரிசை சொல்லும். காபி ஒன்று, கேக் ஒன்று, அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் என்று ஹோட்டலில் சொல்லும்போதும் வரும். இவற்றில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் மற்றவற்றில்தான். அவற்றின் சூட்சுமம் தெரிய, சொல்லாகக்கூட நிற்காத ஒரு சின்ன விகுதியிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் 'ஷி'. வினையின் வாலிலோ பெயரடையின் வாலிலோ ஒட்டிக்கொள்ளும்.

வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்த ஒருவர், "எகி நி சிகாய் ஷி, அதாராஷீ ஷி" என்கிறார். ஸ்டேஷனும் பக்கம், வீடும் புதுசு. அதோடு நிறுத்திவிடுகிறார். கேட்பவருக்கு மீதி புரிந்துவிடும்: வீடு பிடித்திருக்கிறது, எடுக்கப் போகிறார். இன்னொருவரும் அதே வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். "எகி நி சிகாய் ஷி, சென்ரோ ஸோய் தா ஷி..." என்று இழுக்கிறார். ஸ்டேஷனும் பக்கம், தண்டவாளத்தை ஒட்டியும் இருக்கிறது. இவர் வீட்டை எடுக்கப் போவதில்லை. இரைச்சல் தாங்காது என்று நினைக்கிறார்.

இரண்டு பேரும் தொடங்கியது ஒரே வாக்கியத்தில்தான். 'ஸ்டேஷன் பக்கம்' என்பது முதலாமவர் வாயில் வீட்டின் சிறப்பு, இரண்டாமவர் வாயில் வீட்டின் குறை. அதை மாற்றியது எது? பின்னால் வந்த வாக்கியம். 'ஷி' இருக்கிறதென்றால் முன்னதும் பின்னதும் ஒரே முடிவை நோக்கியே போக வேண்டும் என்பது கேட்பவருக்குத் தெரியும். தண்டவாளம் என்றதும், சொல்லி முடித்துவிட்ட 'ஸ்டேஷன் பக்கம்' என்பதை மனசு திரும்பிப் போய்ப் புதிதாக எடை போடுகிறது. காதில் விழுந்துவிட்ட வாக்கியத்தின் மதிப்பை, இன்னும் சொல்லப்படாத ஒரு முடிவு மாற்றி எழுதுகிறது. மொழியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

நமக்கு இது அந்நியமும் இல்லை. "மழையும் பெய்யுது, நேரமும் ஆச்சு" என்று விருந்தாளி சொன்னால் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் சொன்னால், "இன்னிக்கு ராத்திரி இங்கேயே படுத்துக்கிட்டு காலையில போங்க" என்று அர்த்தம். அந்த இரண்டு 'உம்'களும் என்ன முடிவு என்று சொல்லவில்லை. ஏதோ ஒரே முடிவு என்பதை மட்டும் சொல்கின்றன. மீதியைச் சூழ்நிலை நிரப்பிக்கொள்கிறது. ஜப்பானியத்தில் இதையே "ஆமே மோ ஃபுத்தேரு ஷி, மோஉ ஒசோய் ஷி" என்பார்கள். அங்கே ஒரு அழைப்பை மறுக்கும்போது 'வரமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்வது அபூர்வம். 'நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும்' என்பதோடு ஒரு 'ஷி' போட்டு நிறுத்திவிட்டால், எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்.

வாக்கியங்களுக்கு இப்படி ஒரு திசை உண்டு என்பதை விரிவான கோட்பாடாக ஆக்கியவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த ஓஸ்வால்ட் துக்ரோவும் ழான்-குளோத் ஆன்ஸ்கோம்பரும். 1983இல் இதை நூலாகவே எழுதினார்கள். தகவலைத் தருவது வாக்கியத்தின் ஒரு வேலைதான். கேட்பவரை ஒரு முடிவின் பக்கம் தள்ளுவதும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் பார்த்தது பிரெஞ்சு மொழியை. ஆனால் ஜப்பானியத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிவதாக எனக்குப் படுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் டூரிங், ஒரு சான்று நம்மை எவ்வளவு தூரம் நகர்த்துகிறது என்று அளக்க ஓர் அலகு வைத்திருந்தார். அதன் பெயர் 'பான்'. வேலைக்கான தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் வந்த பெயர். அவரோடு வேலை பார்த்த ஐ. ஜே. குட் பிற்காலத்தில் இதைச் 'சான்றின் எடை' என்று விரிவாக எழுதினார். விஷயம் எளிமையானது. ஒரு கடை நல்ல கடையா இல்லையா என்பது உங்களுக்குச் சரிபாதி சந்தேகம், அதாவது ஒன்றுக்கு ஒன்று. விலை மலிவு என்று தெரிகிறது. அது அந்த விகிதத்தை மூன்று மடங்காக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்றுக்கு ஒன்று. 75 சதவீதம் நம்புகிறீர்கள். சாப்பாடு ருசி என்பது இன்னொரு மூன்று மடங்கு. ஒன்பதுக்கு ஒன்று, 90 சதவீதம். பெருக்கலை மடக்கைக்கு மாற்றினால் கூட்டலாகிவிடும். தராசின் ஒரே தட்டில் எடைமேல் எடை வைப்பதுதான்.

'சேர்த்தல்' என்று ஜப்பானியப் பள்ளி இலக்கணம் பெயர் வைத்திருப்பது இந்தக் கூட்டலுக்கு அப்படியே பொருந்துகிறது. எந்த வாக்கியம் ஏன் உறுத்துகிறது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். 'மலிவு ஷி, ருசியில்லை ஷி' என்றால் மூன்று மடங்கு ஏறி மூன்று மடங்கு இறங்குகிறது, மிச்சம் பூஜ்யம். கேட்பவர் குழம்புவார். அந்த இடத்துக்கு 'கெதோ' என்ற எதிர்மறை இணைப்பு இருக்கிறது. 'மலிவு ஷி, விலை குறைவு ஷி' என்பதும் ஒட்டாது. திசை சரிதான், ஆனால் ஒரே எடையை இரண்டு முறை வைக்க முடியாது. ஆக நிபந்தனைகள் இரண்டு: திசை ஒன்றாக இருக்க வேண்டும், எடை புதிதாக இருக்க வேண்டும்.

இப்போது வாசகியின் பட்டியல் தானாகப் பிரிந்துவிடும். சோரேநி, தனியான இன்னொரு எடையைப் பக்கத்தில் வைக்கிறது. முன்னதும் பின்னதும் சமமாக இருக்கலாம். ஷிகாமோ அப்படியல்ல. சொன்ன விஷயத்தின் மேலேயே, எதிர்பாராத அளவு கனமான ஒன்றை ஏற்றுவது. தமிழில் இதற்கு நெருக்கமானது 'அதுவும்'. "வந்தான், அதுவும் ராத்திரி 12 மணிக்கு" என்பதில் 'அதுவும்' நிற்கும் இடத்தில் ஷிகாமோ கச்சிதமாக உட்காரும், சோரேநி உட்காராது. நேரம் என்பது தனி எடை இல்லை; வந்ததையே கனமாக்குகிற விவரம். சோனோ உஎ என்றால் 'அதற்கு மேல்'. சோரேநியைவிடக் கொஞ்சம் எழுத்து நடை. ஒமாகே என்பது கடையில் தரும் கொசுறு. ஒமாகேநி நல்லதற்கும் வரும். ஆனால் பர்ஸ் தொலைந்த அன்றே மழையும் பிடித்துக்கொண்டால் அதன் இடம் கச்சிதம். நாம் 'போதாக்குறைக்கு' என்போம், அல்லது 'மழை வேற' என்று அந்த 'வேற'வைப் போட்டுப் புலம்புவோம்.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததும் பலருக்கு ஒரு நினைப்பு வரும்: தமிழிலிருந்துதானே ஜப்பானியம் வந்தது? கக்குஷுயின் பல்கலைக்கழகத்தின் சுசுமு ஓனோ (1919-2008) யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ் போன்றோரின் துணையோடு பல ஆண்டுகள் இதை வாதிட்டார். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒலி மாற்ற விதிகள் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்பதால் வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 'நானும்' என்பதற்கு ஜப்பானியத்தில் 'வதாஷி மோ' என்பது உண்மைதான். கொரியாவில் அதே இடத்தில் 'நா தோ'. வினை கடைசியில் வரும் மொழிகளில் ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் நிற்பது மிகச் சாதாரணம். உறவு இல்லாமலே ஒரே வேலைக்கு ஒரே மாதிரியான வழி அமையும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். உறவுமுறைப் பெருமையை மேடையில் பேச நேரமும் பணமும் கிடைக்கின்றன. 'வேற', 'அதுவும்', 'போதாக்குறைக்கு' ஆகியவை எங்கே வரும், எங்கே வராது என்று லட்சக்கணக்கான தமிழ் வாக்கியங்களில் உட்கார்ந்து குறியிடும் வேலைக்குக் கிடைப்பது சொற்பம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பில், செய்தித்தாள் ஆங்கிலத்தில் மட்டும் வாக்கியங்களுக்கு இடையிலான 40,000க்கு மேற்பட்ட தொடர்புகளைக் குறித்திருக்கிறார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தினர் தமிழுக்கு இந்த வேலையைத் தொடங்கினார்கள். அதைப் பல மடங்கு பெருக்க அரசு பணம் கொடுக்க வேண்டும். இயந்திரங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் காலத்தில் இது ஆடம்பரச் செலவு இல்லை.

வாசகிக்கு இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. கட்டளை, வேண்டுகோள், அழைப்பு இவற்றுக்கு முன்னால் ஷிகாமோவும் சோனோ உஎவும் வராது. 'அறையைப் பெருக்குங்கள்' என்பது எதற்கும் சான்று இல்லையே. எடை இல்லாததன் மேல் எடை ஏற்ற முடியாது. அங்கே சோரேகாரா வரும். சராநி ஒரு படி கூடுதல் என்பதைக் குறிப்பது. சமையல் குறிப்பில் 'சராநி ஜுப்புன் நிரு', அதாவது மேலும் 10 நிமிடம் வேகவிடு, என்று தாராளமாகப் புழங்கும்.

அடுத்தது, பட்டியலில் இல்லாத நாஓ. பள்ளி விளையாட்டு விழா அறிவிப்பில் தேதி, இடம், நேரம் எல்லாம் சொன்ன பிறகு, 'நாஓ, மழை பெய்தால் விழா கிடையாது' என்று ஒரு வரி நிற்கும். அது எந்த முடிவுக்கும் எடை கூட்டவில்லை. அறிவிப்பின் ஓரத்தில் தேவையான விவரம் ஒன்றைச் செருகுகிறது, அவ்வளவுதான். ஆகையால் கேள்வித்தாளில் கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வருவது முன்னதற்கு வலுச்சேர்க்கிறதா, ஓரமாக ஒரு விவரம் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர விவரம் என்றால் நாஓ. வலுச்சேர்த்தால், வாக்கியம் வேண்டுகோளில் முடிகிறதா என்று வாலைப் பாருங்கள். முடிந்தால் சோரேகாரா. இல்லையென்றால், சொன்னதையே கனமாக்குவதற்கு ஷிகாமோ, தனியாக இன்னொன்று என்றால் சோரேநி.