'ஜீனை அணைக்கும் ஊசி'யை நம்பி கீமோவை நிறுத்தாதீர்கள்

மறுபடியும் ஒருவர். குடல் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் ஆளையே காணோம். வெளிநாட்டில் கேன்சர் ஜீனையே அணைக்கும் ஊசி வந்துவிட்டதாம், வீட்டில் அதற்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்களாம். இப்போது ஸ்கேனில் கல்லீரலில் கட்டிகள். எத்தனை பேரிடம்தான் சொல்வது?

அவர்கள் சொல்வது ஆன்டிசென்ஸ் மருந்து. அது ஜீனைத் தொடுவதே இல்லை. டிஎன்ஏ இருந்தபடியே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் எம்ஆர்என்ஏவில், அதாவது புரதம் செய்ய செல் எடுக்கும் ஜீனின் பிரதியில், ஒட்டிப் பெரும்பாலும் அதை அழியவைக்கும், அவ்வளவுதான். செல் அடுத்த பிரதியை எடுத்துக்கொண்டே இருக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. அதனால்தான் மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது. 'ஒரே ஊசி, ஆயுசுக்கும் கேன்சர் வராது' என்று யார் சொன்னாலும் பொய். அதுவும் ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பங்கு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் போகும், கட்டிக்குள் போதிய அளவு சேர்ப்பது இன்னும் பெரிய பாடு. போய்ச் சேர்ந்தாலும், புற்றுநோய் ஒரே ஜீனை நம்பி வளர்வதில்லை.

முயற்சி நடக்காமலும் இல்லை. 1978-இல் ஸாமெக்னிக், ஸ்டீபன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸை இந்த வழியில்தான் தடுத்துக் காட்டினார்கள். புற்று செல்களைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தைக் குறைக்க வந்த ஒப்லிமெர்சன் என்ற ஆன்டிசென்ஸ் மருந்தை, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள நோயாளிகள் 771 பேர் பங்கேற்ற சோதனையில், கீமோவுக்கு முன்னால் ஐந்து நாள் இடைவிடாமல் டிரிப்பில் ஏற்றினார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது, ஆனால் ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கான இதே வகை மருந்து கஸ்டிர்சனும் 2014-இல் பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை. "குழந்தைகளின் தசைநோய்க்கு வந்துவிட்டதே டாக்டர்?" என்பார்கள். உண்மை, 2016-இல் நுசினெர்சன் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து வந்தது, நல்ல மருந்து. ஆனால் அதை ரத்தத்தில் ஏற்றாமல் முதுகுத்தண்டு நீரில் நேராகச் செலுத்துகிறோம், அதையும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

சரி, யாராவது இந்த ஊசிக்கு விலை சொன்னால், மருத்துவச் சோதனையா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டில் உள்ள பதிவெண்ணைக் கேளுங்கள். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள், தயவுசெய்து.

சோதனையில் சேர ஆசை இருந்தால் உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம், தகுந்தது இருக்கிறதா என்று நாங்களே தேடிப் பார்க்கிறோம். அதுவரை அடுத்த கீமோ சுற்றின் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.