பின்பால்: ஆணி போச்சு, பெயர் நிக்குது

'பின்பால்' என்று தமிழில் எழுதினால், தெரியாதவர் ஏதோ பால் சமாச்சாரம் என்றுதான் நினைப்பார். சாய்வான மேசையில், கண்ணாடிக்கு அடியில், எஃகுப் பந்து விளக்குகளையும் மணிகளையும் முட்டிக்கொண்டு ஓடும் ஆர்கேட் விளையாட்டு அது.

'பின்' என்பது இங்கே ஆணி. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில், பில்லியர்ட்ஸிலிருந்து கிளைத்த 'பகடெல்' ஆட்டத்தில், மேசையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே பந்து தட்டுத்தடுமாறிக் குழியில் விழும். முதலில் கோலால் தள்ளினார்கள். 1871இல் அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் சுருள்வில்லால் பந்தை ஏவும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் காட்லீப்பின் 'பேஃபிள் பால்' சக்கைப்போடு போட்டது. பொருளியல் மந்தக் காலம். ஒரு சென்ட்டுக்குச் சில பந்துகள் கிடைத்தன.

ஆனால் பந்தை ஏவியதும் ஆட்டக்காரருக்கு வேலை முடிந்தது. மேசையை இடித்துப் பார்க்கலாம். அதற்கும் 'டில்ட்' வந்தது, மிஞ்சி ஆட்டினால் ஆட்டம் நின்றுவிடும். சரி, சூதாட்டம்தானே என்று 1942இல் நியூயார்க் தடை போட்டது. 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆறு தட்டுகோல்களோடு வந்தது. விழப்போகும் பந்தைத் திருப்பி அடிக்கலாம்! விளையாட்டின் உயிரே அதுதான் என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் விளையாட்டையே 'ஃபிலிப்பர்' என்கிறார்கள், தட்டுகோலின் பெயரால். நியூயார்க்குக்கு மட்டும் புரிய நாளானது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர், பந்து எங்கே போகும் என்று நகர மன்றத்தார் முன்னால் சொல்லி அடித்துக் காட்டிய பிறகே தடை நீங்கியது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆணிப்பந்து' நேரடியானது, ஆனால் இன்றைய மேசையில் ஆணிகளைத் தேடத்தான் வேண்டும். நம் சீன நண்பர்கள் சொல்லும் பெயருக்குக் கோலிக்குண்டு இயந்திரம் என்று பொருள். அழகுதான், ஆனால் 'குண்டு இயந்திரம்' என்று எம்ஆர்டி ரயிலில் உரக்கச் சொல்ல முடியுமா?

என் தேர்வு 'விசைப்பந்து'. பந்தை ஏவும் வில்லும் விசை, அது பாயும் வேகமும் விசை, தட்டுகோலை இயக்கும் பொத்தானும் விசை. விசைப்படகு, விசைப்பலகை என்று பழகிய வாய்க்கு இது சிரமமில்லை. ஃபிலிப்பருக்குத் 'தட்டுகோல்' போதும். டில்ட் அப்படியே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டு: விசைப்பந்து மேசையை அப்படி ஆட்டாதே தம்பி, டில்ட் ஆயிடும்.