வைஃபை கார்டு ‘டைம் அவுட்’ ஆனால் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் கனெக்ட் ஆவதில்லை. கொஞ்ச நேரத்தில் ‘டைம் அவுட்’ என்று நின்றுவிடுகிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. கடையில் கொடுத்தால் முதலில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். அதில் பாதி நாள் போகும், பழைய போட்டோக்களும் போகும். கோளாறு மட்டும் போகாது.

டைம் அவுட் என்ற செய்தி எது கெட்டது என்று சொல்வதில்லை. யாரோ யாரையோ கேட்டார், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது வரைதான் அது சொல்லும். வைஃபை இணைப்புக்குள் இப்படிக் காத்திருக்கும் கடிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இருக்கின்றன. அடியில் இருப்பது மைக்ரோ செகண்டில் ஓடும், மேலே இருப்பது நிமிடக் கணக்கில் ஓடும். எந்தக் கடிகாரம் தீர்ந்துபோனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடியில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். பதிலுக்குக் காத்திரு, வராவிட்டால் மறுபடி அனுப்பு என்ற ஏற்பாட்டை ரேடியோ வழியாகக் கணினிகளுக்குப் பழக்கியது ஒரு தீவுக்கூட்டம்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவும் 1971-இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பை ஓடவிட்டார்கள். ஒவ்வொரு முனையும் தன் செய்தியை அனுப்பிவிட்டு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால் பதில் வராது. அப்போது ஆளுக்கு ஒரு சீரற்ற இடைவெளி விட்டு மறுபடி அனுப்புவார்கள். கேட்காமலேயே பேசும் முறை என்பதால் அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வரைதான் உருப்படியாகப் பயன்படும்.

1997-இல் வந்த வைஃபை தரம் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. கரையோரப் படகுகளில் இருக்கும் வயர்லெஸ் செட் மாதிரி: ஒரே சேனலில் எல்லோரும் இருப்பதால் முதலில் காது கொடுத்துக் கேட்கவேண்டும், சும்மா இருந்தால்தான் பேசலாம், ‘கேக்குது’ என்று அடுத்த படகு சொன்னால்தான் சொன்னது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. வேகம்தான் நம்பமுடியாதது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ரூட்டர் ஒரு பேக்கெட்டை, அதாவது ஒரு செய்தித் துண்டை, வாங்கிய 10 மைக்ரோ செகண்டில் பதிலைத் தொடங்கிவிட வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோ செகண்ட். வரவில்லையா, லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு சீரற்ற ஓர் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பும். தோற்கத் தோற்க அந்த இடைவெளிக்கான வரம்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். வழக்கமாக ஏழு தடவை முயன்று பார்த்துவிட்டு அந்தப் பேக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. பிறகு ஏன் திரை நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கிறது? அனுப்பியது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி என்ற இன்னொரு அடுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. காற்றில் பேக்கெட் தொலைந்ததா, வழியில் எங்கோ நெரிசலா என்று அதற்குத் தெரியாது. நெரிசல் என்றே நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். மறுபடி அனுப்பும் இடைவெளியை ஒரு செகண்ட், இரண்டு, நான்கு என்று அதுவும் இரட்டிப்பாக்கும். லினக்ஸில் பாதியில் அறுந்த ஓர் இணைப்பை முழுவதுமாகக் கைவிடக் கிட்டத்தட்ட 15 நிமிடம் வரை ஆகலாம். கீழே மைக்ரோ செகண்டில் நடந்த சறுக்கல் மேலே வரும்போது இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, யார் பக்கம் தப்பு என்று பிரித்துப் பார்ப்பது. லேப்டாப் நின்றுபோகும் அதே நேரத்தில், அதே ரூட்டரில் இருக்கும் போனும் நின்றுபோகிறதா? ஆம் என்றால் கார்டை விட்டுவிட்டு ரூட்டரையும் வெளி இணைப்பையும் பாருங்கள். போன் ஓடுகிறது, லேப்டாப் மட்டும் நிற்கிறது என்றால், ரூட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னச் சோதனைச் செய்தி, அனுப்பிப் பார்க்கவேண்டும். ரூட்டர் வரை பிங் ஒழுங்காகப் போய்வந்தால் காற்றிலும் கார்டிலும் குறையில்லை. கனெக்ட் ஆன மாதிரி காட்டியும் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டுப் போன கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டு தப்பாக இருந்தாலும் கடைசிக் கைகுலுக்கலில் டைம் அவுட் என்றே சில இயந்திரங்கள் சொல்லும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரூட்டர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அவை காட்டும். நீங்கள் பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்று காட்டும் கோடு எதுவும் இல்லை. டைம் அவுட் வருவதோ பெரும்பாலும் அந்தத் திசையில்தான். நாலு கோடு முழுசாக இருக்கிறதே என்று வாதாடுபவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

நேரம் பார்த்து வரும் தொல்லைக்குக் காரணம் வேறு. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுக்கு லாட்ஜ் ரூட்டர். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு எல்லா அறையும் நிறைந்தால் அத்தனை போனும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே நெருக்கும். அங்கே ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அலோஹாநெட் பட்ட அதே மோதல்தான் இது. கார்டைக் கழற்ற வேண்டாம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் போதும்.

கடலோர இறால் பண்ணையில் கேமரா வைத்து, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு டிஷ் ஆன்டெனா வழியாக வைஃபை இழுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 6.7 மைக்ரோ செகண்ட் ஆகும். 5 கிலோமீட்டர் என்றால் 33. வீட்டுக்குள் சில நூறு மீட்டர் தூரத்தை மனதில் வைத்துச் செய்த கடிகாரம் அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். பதில் வரத்தான் செய்கிறது, ஆனால் காத்திருப்பு முடிந்த பிறகு வருகிறது. அந்தக் கருவிகளின் செட்டிங்கில் தூரத்தைக் குறிக்கும் இடம் ஒன்று இருக்கும். உண்மையான தூரத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது மின்சேமிப்பு. மென்பொருள் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பேட்டரி மிச்சமாகட்டும் என்று கார்டு அடிக்கடி தூங்கப் போகும். ரூட்டர் 102.4 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை பீக்கன் என்ற அறிவிப்பை விடும், ‘உனக்குப் பேக்கெட் வைத்திருக்கிறேன்’ என்ற குறிப்பு அதில் இருக்கும். கார்டு சரியான நேரத்தில் கண் விழித்து அதைக் கேட்கவேண்டும். ரூட்டரும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இதில் ஒத்துப்போகாவிட்டால் கார்டு அறிவிப்பைத் தவறவிடும், ரூட்டர் ஆள் போய்விட்டது என்று பெயரை அடித்துவிடும். இதன் அடையாளம் தெளிவானது. பெரிய படம் டவுன்லோடு ஆகும்போது ஒன்றும் ஆகாது, சும்மா விட்டுவிட்டு வந்தால் அறுந்திருக்கும். விடாமல் பிங் ஓடவிட்டால் நாள் முழுக்க நிற்கும். அப்படியென்றால் விண்டோஸில் கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸிலும் பவர் சேவ் என்பதை அணைக்கலாம்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இனி உப்பு.

ஈரக்காற்று வைஃபை சிக்னலைக் குடித்துவிடுகிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நீராவி ரேடியோ அலையைக் குறிப்பிடும்படி உறிஞ்சத் தொடங்குவது 22 கிகாஹெர்ட்ஸ் பக்கம். வீட்டுத் தூரத்தில், வைஃபை அலைவரிசையில் அதன் பங்கு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிறைந்த டேங்க் குறுக்கே நின்றால் அது வேறு விஷயம். கடற்காற்று அலையை விட்டுவிடுகிறது, பிடித்துக்கொள்வது கார்டின் காலைத்தான்.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் வைஃபை கார்டு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு ஸ்லாட்டில் செருகியிருக்கும். அதன் ஓரத்தில் வரிசையாகத் தங்க முலாம் பூசிய கோடுகள். முலாமின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. தங்கம் அரிக்காது, ஆனால் அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து ஜன்னல் வழியாக வரும் உப்புத்துளி, லேப்டாப்பின் மின்விசிறி இழுக்கும் காற்றோடு உள்ளே போய் அங்கே படிகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரிப்புச் சோதனை மையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025-இல் புதுப் பாலம் திறக்கவேண்டி வந்ததிலும் இந்தக் காற்றுக்குப் பங்குண்டு.

காய்ந்த உப்பு பெரிதாகத் தொல்லை தராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து மூட்டையை வீட்டில் வைத்தால் அடியில் கசிவது அதனால்தான். கார்டின் கோடுகளுக்கு இடையே இப்படி ஓர் உப்புநீர்ப் படலம் உருவானால், ஒன்றில் ஓடவேண்டிய மின்சாரம் பக்கத்துக் கோட்டுக்குக் கசியும். கணினி கார்டுக்கு ஒரு கட்டளை போடும், கார்டு பதில் சொல்லாது. இதுவும் டைம் அவுட்தான், ஆனால் காற்றுக்கும் ரூட்டருக்கும் இதில் சம்பந்தமே இல்லை. டிவைஸ் மேனேஜர் பட்டியலிலிருந்தே கார்டு காணாமல் போய்த் திரும்ப வந்தால் சந்தேகம் இங்கேதான் வரவேண்டும்.

“அண்ணே, காலையில போட்டா நிக்கவே மாட்டேங்குது, அரை மணி நேரம் கழிச்சு தானா சரியாயிடுது” என்று ஒருவர் சொன்னால் நான் டிரைவரைத் தொடுவதில்லை, திருப்புளியை எடுப்பேன். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், இரவெல்லாம் அணைந்து கிடந்த லேப்டாப்பும் குளிர்ந்திருக்கும். 28 டிகிரியில் 85 சதவீத ஈரம் உள்ள காற்று, லேப்டாப்புக்குள் 38 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 48 சதவீதமாக இறங்கிவிடும். படலத்தின் பெரும்பகுதி காய்ந்துவிடுகிறது, கார்டு பிழைத்துக்கொள்கிறது. நேர்மாறாக, சூடு ஏற ஏறத்தான் நிற்கிறது என்றால் உப்பைத் தேடாதீர்கள். தூசி அடைத்த மின்விசிறியையோ விரிசல் விட்ட சால்டரையோ பாருங்கள்.

அரிப்பு முற்றினால் அடையாளம் மாறும். துளைகள் வழியாகச் செம்பும் நிக்கலும் கரைந்து மேலே வந்து பச்சை நிறத்தில் படியும். அந்தப் படிவு மின்சாரத்தைத் தடுக்கும். கார்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது குறைவான மின்னோட்டமே போதும், பேசும்போது அதிகம் வேண்டும். மின்சாரம் வரும் வழியில் மொத்தம் ஒரு ஓம் தடை சேர்ந்துவிட்டது, பேசும்போது 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். கார்டுக்கு வரவேண்டியது 3.3 வோல்ட், அதில் சில சதவீதம் வரைதான் ஏறலாம் இறங்கலாம். 0.3 வோல்ட் என்பதோ அதில் சுமார் 9 சதவீதம். ஆக, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் எல்லாம் பட்டியலில் அழகாக வரும். கனெக்ட் அமுக்கியதும், அதாவது கார்டு விடாமல் பேசத் தொடங்கியதும், வோல்ட்டேஜ் விழுந்து டைம் அவுட்.

வேலை எளிது, அவசரப்படக்கூடாது. சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். கார்டின் மேல் இரண்டு ஆன்டெனா வயர்கள் சின்னப் பொத்தான் மாதிரி மாட்டியிருக்கும், நேராக மேலே தூக்கிக் கழற்றவேண்டும். அந்தப் பொத்தான் வகைகளில் ஒன்றுக்கு அதைச் செய்யும் நிறுவனமே தரும் கணக்கு 30 தடவைதான், ஆகவே ஆசைக்குக் கழற்றி மாட்டாதீர்கள். கார்டை உருவி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கோடுகளின் நீளவாக்கில் துடையுங்கள். பச்சை போகாவிட்டால் பென்சில் ரப்பர் மெதுவாக, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டாம், இருக்கும் தங்கமும் போய்விடும். டெட்டால், சென்ட், துருவெடுக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஒரு மாதத்தில் அதே கோளாறு திரும்பினால் அரிப்பு ஸ்லாட்டுக்குள் போயிருக்கிறது என்று பொருள், புதுக் கார்டு வாங்கினாலும் அங்கேதான் மாட்டவேண்டும். அப்போது யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். அதை யுஎஸ்பி 3.0 ஓட்டையில் நேரடியாகக் குத்தாதீர்கள். அந்த ஓட்டை எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவும் என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே விளக்கி எழுதியிருக்கிறது. ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்தால் இரைச்சலும் எட்டாது, மேசையில் ஜன்னல் இல்லாத பக்கமாகவும் அதை வைத்துக்கொள்ளலாம்.