தெரிந்துபோன வழக்குகள்

போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பொங்கோல் செல்லும் ரயிலில் உட்கார்ந்து ‘ஏஸ் அட்டர்னி’ என்ற வீடியோ கேம் வரிசையின் மூன்றாவது ஆட்டத்தை முடித்தேன். திரையில் பெயர்ப் பட்டியல் ஓடியது. கதாபாத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து விடைபெற்றார்கள். நான் இறங்க வேண்டியது சிராங்கூனில். நிமிர்ந்து பார்த்தபோது ஹவ்காங் வந்திருந்தது. எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில், இரண்டு மாதம் மூளையைக் கசக்கி வழக்குகளை வென்ற பெருமை கொஞ்சமும் வரவில்லை. ஊரிலிருந்து வந்து தங்கிய சொந்தக்காரர்களைச் சாங்கி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வீடு திரும்பினால் கூடம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

இந்த ஆட்டத்தை முடித்த நண்பர்களிடம் பேசினால் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு நாள் வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. வேறு ஆட்டம் எடுத்தால் சப்பென்று இருக்கிறது. நீதிமன்ற இசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அப்புறம் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: “எல்லாத்தையும் மறந்துட்டு முதல்லேர்ந்து விளையாடணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குக் குறுகுறுப்பு. பிரியமான கதாபாத்திரங்களைப் பிரிந்த ஏக்கம் புரிகிறது. ஆனால் மறக்க வேண்டும் என்று ஏன் ஆசைப்பட வேண்டும்? பிரியாணி நன்றாக இருந்தால் இன்னொரு தட்டு கேட்போம். முதல் தட்டை மறக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில் ஷூ தகுமி உருவாக்கிய ஆட்டம் இது. முதல் ஆட்டம் 2001 அக்டோபரில் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்தது. அடுத்தவை 2002-லும் 2004-லும். நாம் ஓர் இளம் வழக்கறிஞர். கட்சிக்காரர்மேல் கொலைப்பழி. சுற்றித் திரிந்து ஆதாரம் சேர்த்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை வரிவரியாகக் கேட்டு, எந்த வரி எந்த ஆதாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து ஆதாரத்தைக் காட்டினால், “ஆட்சேபனை!” என்று கதாநாயகன் விரலை நீட்டிக் கத்துவான். ஆங்கிலப் பதிப்பில் அவன் பெயர் பீனிக்ஸ் ரைட். ஜப்பானிய மூலத்தில் குடும்பப் பெயர் நாருஹோடோ. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘ஓ, அப்படியா சங்கதி!’ என்று பொருள்.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். பாடம் நடத்துவதற்காக வைத்த வழக்கு, அதனால் குட்டை உடைத்தாலும் பாவமில்லை. பிணத்தைக் கண்டபோது மணி ஒன்று என்கிறான் சாட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, சாவு நான்கு மணிக்கு மேல் என்கிறது. அறிக்கையைக் காட்டினால் அவன் வேறொரு பொய்க்குத் தாவுவான். அதை உடைத்தால் இன்னொன்று.

நமக்கு இது புதிதும் இல்லை. பாண்டியன் அவையில் கண்ணகி செய்தது இதேதான். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்பது மன்னன் சொன்ன சாட்சியம். தன் சிலம்பில் இருப்பவை மாணிக்கங்கள் என்கிறாள் இவள். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை வாங்கி உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. ஆளுக்கு ஒரு வரி வாதம், ஒரே ஓர் ஆதாரம், அங்கேயே தீர்ப்பு. (உண்மையான நீதிமன்றம் இப்படி இருக்காது. நம்மூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரிடம் கேட்டேன். “கத்துறதா? பாதி நேரம் ஆவணப் பக்க எண்ணைத் தேடுறதுலயே போயிடும், தம்பி” என்றார்.)

சரி, அந்த முரண்பாடு கண்ணில் பட்டதும் தலைக்குள் என்ன நடக்கிறது? 2004-இல் மார்க் ஜங்-பீமன், ஜான் கூனியோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை நேராக அளந்து பார்த்தார்கள். மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரக்கூடிய ஒரு சொல்லைக் கேட்டார்கள். தமிழில் செய்வதானால் ‘கண், மழை, குடி’ என்று கொடுக்கலாம். விடை, நீர். சிலர் ஒவ்வொன்றாக ஒட்டிப்பார்த்து விடைக்கு வருவார்கள். சிலருக்கு அது சட்டென்று வந்து விழும். அப்படி வந்து விழும் நேரத்தில், விடை வந்துவிட்டது என்று பொத்தானை அழுத்துவதற்கு ஏறக்குறைய 0.3 நொடி முன்னால், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியில் காமா அலைகள் எனப்படும் வேகமான மின்துடிப்பு ஒன்று கிளம்பியது. தொலைதூரத் தொடர்புகளைக் கோத்துப் பார்ப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு என்பது அவர்கள் தந்த விளக்கம். சாட்சி சொன்ன மணி ஒரு பக்கம், பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னொரு பக்கம். இரண்டையும் கோக்கும் பொறி அங்கே தட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் மேல் ஆட்டத்தை அமைத்தவர்கள் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். சரியான ஆதாரத்தைக் காட்டினால் பின்னணி இசை அறுந்து நிற்கும். தவறானதைக் காட்டினால் இசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கதாநாயகன் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கத்துகிறான். நம் காது மட்டும் மௌனத்துக்குக் காத்திருக்கும். மௌனம் வந்தால் ஜெயித்தோம்.

குரங்குகளை வைத்து வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் செய்த ஆய்வுகள் இங்கே உதவும். குரங்குக்குத் திடீரென்று பழச்சாறு கொடுத்தால், டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் மூளை நரம்புகள் துடிக்கும். விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று பழக்கிவிட்டால், துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிடும். சாறு வரும்போது ஒன்றும் இருக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழும். டோபமைன் என்றாலே இன்பம் என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது கணக்குப் பார்க்கிறது என்பது இன்னும் பொருத்தம். நம் ஆட்டத்தில் நீதிமன்ற இசைதான் விளக்கு, அது அறுந்து வரும் மௌனம்தான் சாறு. (இந்த ஒப்புமை என்னுடையது, குரங்குக்கு யாரும் ஏஸ் அட்டர்னி கொடுக்கவில்லை.) முடித்தவர்கள் அந்த இசையைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன் என்பதற்கும் இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. சாறுதான் இல்லை.

நடுவில் கீழே வைக்க முடியாததற்குக் காரணம் வேறு. இதைப் பேசினால் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக்கை இழுக்காமல் இருக்க மாட்டார்கள். பெர்லினில் அவர் 1927-இல் வெளியிட்ட ஆய்வு, முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்றது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பின்னால் செய்து பார்த்தவர்கள் பலருக்கு அது சரியாக வரவில்லை. அதே குழுவில் இருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928-இல் சொன்னதுதான் உறுதியாக நிற்கிறது: பாதியில் நிறுத்திய வேலைக்கு, பரிசு எதுவும் இல்லாவிட்டாலும், மனிதர்கள் தாமாகவே திரும்பிப் போவார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு விசாரணை மூன்று நாளுக்கு மேல் நடக்காது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு குண்டைப் போட்டுவிட்டு நீதிபதி ஒத்திவைப்பார். ரயில் நிலையத்தில் இறங்கி, மின்படியில் நின்றுகொண்டே மறுபடி திறந்தது நான் மட்டும் இருக்க முடியாது.

கதாபாத்திரங்களின் பிரிவுக்கு வருவோம். இதை எனக்கு முதலில் காட்டியது அங் மோ கியோவில் இருக்கும் என் பாட்டி. பல மாதம் ஓடிய ஒரு தொலைக்காட்சி நாடகம் முடிந்த மறுவாரமும், அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வேறு நாடகம் ஓடியது. பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுல எப்படி இருக்குதோ” என்றார். நான் சிரித்தேன். ஹவ்காங் நடைமேடையில் அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது.

திரையில் வருபவரோடு நமக்கு உண்டாகும் ஒருபக்க உறவுக்கு டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இலேயே பெயர் வைத்தார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் பார்த்து எழுதியது அது. ‘பிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் 2004-இல் முடிந்தபோது கெரன் எயால், ஜானத்தன் கோஹென் இருவரும் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு ஒட்டியிருந்தார்களோ அவ்வளவு வருத்தம். நிஜ உறவு முறிந்தால் வரும் வலியைவிட அது குறைவு. மூளைக்குப் பழக்கப்பட்ட குரல், முகம், பேச்சு முறை என்றால் ஏறக்குறைய பழக்கப்பட்ட ஆள்தான். வழக்கறிஞர் ஆட்டத்தில் அது இன்னும் கூடுதல், ஏனென்றால் நாம் வெறுமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தோழி மாயா கூண்டில் நிற்கும்போது அவளைக் காப்பாற்ற ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தது நாம்.

எரிச்சல்களும் இருந்தன, சொல்லிவிடுகிறேன். விடை நமக்கு எப்போதோ தெரிந்துவிடும். ஆனால் ஆட்டம் எதிர்பார்க்கும் வரியில், எதிர்பார்க்கும் ஆதாரத்தைக் காட்டாவிட்டால் நீதிபதி கடிந்துகொள்வார். இதெல்லாம் முடிவில் மறந்துபோகிறது. 1993-இல் டேனியல் கானமனும் குழுவினரும் செய்த சோதனை ஒன்றில், 14 டிகிரி குளிர்நீரில் ஒரு கையை 60 நொடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 நொடியோடு கூடுதலாக 30 நொடி, அந்த நேரத்தில் நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். உச்சமும் முடிவும் நினைவில் நிற்கின்றன. நீளம் அவ்வளவாக நிற்பதில்லை. மூன்றாவது ஆட்டத்தின் கடைசி வழக்கு முந்தைய கதை இழைகளை எல்லாம் இழுத்து முடிச்சுப் போடுகிறது. நான் சபித்த சாட்சிகள் யாருமே இப்போது நினைவில்லை.

இனி அந்த மறக்கும் ஆசை. பாத்திரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஆட்டத்தைத் திறந்தால் போதும். பீனிக்ஸ் அங்கேயேதான் இருப்பான். திரும்பக் கிடைக்காதது நம்முடைய தெரியாமை. காமா துடிப்புக்கும் மௌனத்துக்கும் எரிபொருள் அதுதான். ஒரு வழக்குக்கு ஒரே ஒருமுறைதான் அது கிடைக்கும்.

தெரிந்ததைத் தெரியாததுபோல் நினைத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் முடியாது. 1975-இல் பாரூக் ஃபிஷ்ஹோஃப், 1814-இல் தொடங்கிய பிரிட்டிஷ்–கூர்க்கா போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலருக்கும் படிக்கக் கொடுத்தார். (மவுண்ட் வெர்னன் பக்கம் கூர்க்கா காவலர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இத்தனை போர் இருக்க இதையா எடுத்தார் என்று வியப்பு.) ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முடிவைச் சொல்லி வைத்தார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவுக்கே வாய்ப்பு அதிகம் இருந்தது என்று ஒவ்வொரு குழுவும் கணித்தது. முடிவு தெரியாதவராக நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றபோதும் கணிப்பு பெரிதாக மாறவில்லை. விடை உள்ளே போனதும் மற்ற தடயங்களை எல்லாம் தன் பக்கம் திருப்பி அடுக்கிவிடுகிறது. இரண்டாம் முறை விளையாடினால், குற்றவாளி முதல் காட்சியிலேயே முழித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றுகிறது.

ரசிகர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: அடுத்தவரின் தெரியாமையைக் கடன் வாங்குவது. முதன்முறை விளையாடுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திகைப்பதைப் பார்ப்பது. நான் பிடித்த ஆள் என் அக்கா மகன், உயர்நிலை ஒன்று. பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எண்ணினார்கள். 120 பாட்டுகளில் 3 மட்டுமே பிடிபட்டன. தட்டுபவரின் தலைக்குள் முழுக் கச்சேரி ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு வெறும் டொக் டொக். பையன் முதல் வழக்கின் ஆதாரங்களான கடிகாரத்தையும் பாஸ்போர்ட்டையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தலையில் தவில், நாகஸ்வரத்தோடு கச்சேரி. இது கூடவா தெரியவில்லை? பல்லைக் கடித்தேன். தொண்டையைச் செருமினேன். பாஸ்போர்ட் வந்தபோது கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன் போலிருக்கிறது.

“மாமா, நீங்க மூச்சு விடறதுலேயே விடை தெரியுது. அந்தப் பக்கம் போங்க.”

சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து நீதிமன்ற இசை வந்துகொண்டே இருந்தது, அவன் கத்தினான், இசை ஓடியது. மறுபடி கத்தினான், ஓடியது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் இசை நின்றது.