ஊட்டியில் ஒரு தட்டு ஃபிங்கர் சிப்ஸ்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்துச் சிறிய உணவகங்களில் பட்டியல் அட்டையில் பிரெஞ்ச் ஃப்ரைஸ் என்று அச்சிட்டிருந்தாலும், ஃபிங்கர் சிப்ஸ் என்று கேட்டு வாங்குவோர் இன்றும் உண்டு. தட்டு வந்ததும், சாஸில் தோய்ப்பதற்கு முன், ஒரு குச்சியை எடுத்து அதன் ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டிப் பார்க்கலாம். நன்றாக வறுபட்டது நேராக நிற்கும். அதை ஒடித்தால் மெல்லிய ஒலி கேட்கும். பிளந்த இடத்திலிருந்து ஆவி எழும். உள்ளே வெண்மையாக, மாவாக உதிரும். தொங்கிப்போகும் குச்சியில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. அந்தப் பிழை பெரும்பாலும் நீரைச் சார்ந்தது.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். எஞ்சியதில் பெரும்பங்கு மாவுச்சத்து. 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள எண்ணெயில் குச்சி விழுந்த உடனேயே மேற்பரப்பு நீர் கொதித்து ஆவியாகிச் சீறி வெளியேறுகிறது. எண்ணெயில் நாம் காணும் நுரைக் குமிழிகள் அந்த ஆவிதான். அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. நீரை இழந்த மேல்தோல், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, காய்ந்து இறுகி மொறுமொறுப்பாகிறது. உட்புறத்தில் நீர் மிச்சமிருக்கும் வரை அங்கே வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாது என்பதால், உட்பகுதி வறுபடுவதில்லை, ஆவியில் வேகிறது. 60 முதல் 70 டிகிரியில் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அதற்கும் மேலான சூட்டில் தளர்கிறது. அவித்த கிழங்கும் வறுத்த கிழங்கும் ஒரே குச்சிக்குள் இருப்பதுதான் இந்தப் பண்டத்தின் சிறப்பு.

இங்கே மலையின் உயரம் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே குச்சியின் உட்புறம் சமவெளியில் வேகும் வேகத்தில் இங்கே வேகாது. எண்ணெயின் சூடோ, அடுப்பு தரும் அளவுக்கு ஏறிக்கொண்டே போகும். கோயம்புத்தூரில் பழகிய சமையற்காரர் அதே சூட்டை இங்கேயும் வைத்தால், உள்ளே வெந்து முடியும் முன்பே வெளியே கருகிவிடும். உயரமான ஊர்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எண்ணெயின் சூட்டை ஒன்றரை முதல் இரண்டு டிகிரி வரை குறைக்க வேண்டும் என்பது சமையலில் வழங்கும் பொது விதி. அதன்படி ஊட்டிக்கு ஏறத்தாழ 12 டிகிரி குறைக்க வேண்டும். இரண்டு முறை வறுப்பதன் அருமை இங்கேதான் நன்கு புலப்படுகிறது. முதலில் மிதமான சூட்டில் நிறம் மாறாமல் வேகவைத்து எடுத்து, ஆறவிட்டு, பிறகு அதிகச் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்தால், உள் வேலையும் வெளி வேலையும் ஒன்றையொன்று முந்துவதில்லை. கடைகள் உறைநிலையில் வாங்கும் பாக்கெட் குச்சிகளுக்கு முதல் வறுப்பு ஆலையிலேயே முடிந்திருக்கும்.

பொன்னிறமும் மணமும் மெய்லார்ட் வினையால் வருபவை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்ட் 1912-இல் விவரித்த இந்த வினையில், அமினோ அமிலங்களும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளும் உயர்ந்த வெப்பத்தில் கூடிப் புதிய நிறப்பொருள்களையும் மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. சர்க்கரை மிகுந்தால் நிறம் அளவு மீறிக் கருத்துக் கசக்கும். கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறிவிடுகிறது. 8 டிகிரிக்குக் கீழே இது விரைவாக நடக்கும். நீலகிரியில் டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழும் இரவுகளில், கடையின் பின்கட்டில் கிடக்கும் மூட்டையே குளிர்பதனக் கிடங்காகிவிடுகிறது. அந்தக் கிழங்கை இரண்டு வாரம் வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்தால் சர்க்கரை கணிசமாகக் குறையும். இதில் ருசிக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. சர்க்கரையும் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருளை உண்டாக்குவதை 2002-இல் சுவீடன் ஆய்வாளர்களின் அறிவிப்பைத் தொடர்ந்து உலகம் அறிந்துகொண்டது; நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் கூடும். எனவே இளம் பொன்னிறத்தில் எடுத்த தட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

கிழங்கின் ரகமும் முக்கியம். நீரற்ற உலர்பொருள் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் குச்சி கெட்டியாக நிற்கும். வறுவலுக்கென்றே உருவாக்கப்பட்ட குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா போன்ற ரகங்கள் இந்தியாவில் உண்டு. நீலகிரியில் ரகத்தைத் தீர்மானிப்பது வேறு. 1820-களில், கோயம்புத்தூர் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் மலையேறிய உருளைக்கிழங்குக்கு, 1961-இல் இங்கே கண்டறியப்பட்ட பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு பெரும் பகையாயிற்று. அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா இந்த மலைக்கென்றே 1985-இல் வெளியிடப்பட்டது. விளைந்தால் போதும் என்று உழவர் தேடும் குணமும் எண்ணெயில் சிறக்கும் குணமும் எப்போதும் ஒரே கிழங்கில் அமைவதில்லை என்பதால், மலைக்கிழங்கு என்ற பெயரை மட்டும் நம்பி வறுவலை மதிப்பிட இயலாது.

எண்ணெய் உள்ளே போவது வறுபடும்போதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பங்கு, குச்சியை வெளியே எடுத்த பிறகே உள்ளே செல்கிறது. குளிரும்போது உள்ளிருக்கும் ஆவி நீராகச் சுருங்குவதால் அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தோலின் நுண்துளைகள் இழுத்துக்கொள்கின்றன. எடுத்த கையோடு கூடையை நன்றாக உதறி வடிக்கும் கடையில் தட்டின் அடித்தாள் காய்ந்திருக்கும். உதறாத கடையில் அந்தத் தாள் கண்ணாடியாகத் தெரியும். பலமுறை காய்ந்த எண்ணெய் வேறொரு குறை. அதன் நுரை எளிதில் அடங்காது. கசந்த நெடி தட்டு வருமுன்னே மூக்கை எட்டும். பலமுறை காய்வதால் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களான முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது.

மொறுமொறுப்பின் ஆயுள் சில நிமிடங்களே. உள்ளிருக்கும் ஈரம் காய்ந்த தோலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டின் மேல் மூடியை வைத்தால், வெளியேறும் ஆவி அந்தக் குளிர்ந்த மூடியில் பட்டு நீர்த்துளியாகிக் குச்சிகளின் மேலேயே விழும். குன்னூரில் ஓர் உணவகத்தில், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு எஃகு மூடி போட்டு எனக்குக் கொடுத்தார்கள். நான்கு மேசை தாண்டி வருவதற்குள் எல்லாம் துவண்டுவிட்டன. பார்சல் வாங்குவோர் பெட்டியின் மூடியைத் திறந்தபடி தரச் சொல்வது நல்லது.

பக்கத்தில் வைக்கும் கோல்ஸ்லாவும் நீரின் கதைதான். ஊட்டி முட்டைக்கோசையும் கேரட்டையும் நறுக்கி உப்பும் சர்க்கரையும் தூவினால், சவ்வூடு பரவலால் செல்களிலிருந்து நீர் வெளியே வருகிறது. அந்த நீரைப் பிழிந்துவிட்டுப் பிறகு மயோனைஸ் சேர்த்தால் கலவை கெட்டியாக நிற்கும். பிழியாமல் காலையிலேயே கலந்து வைத்தால், மாலைக்குள் மயோனைஸ் நீர்த்துப்போய்க் கிண்ணத்தின் அடியில் வெளிறிய நீர் தேங்கும். கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்த்தால் அது எப்போது கலந்தது என்பது தெரிந்துவிடும்.