இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டை வாங்கும் உரிமை: இப்போது எவ்வளவு தள்ளுபடி?

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீட்டில் இருப்பவர், தகுதி இருந்தால் அதே வீட்டைச் சந்தை விலையைவிடக் குறைவாக வாங்கலாம். ‘ரைட் டு பை’ எனப்படும் இந்த உரிமை மார்கரெட் தாட்சர் ஆட்சியில், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. சுமார் 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறியிருக்கின்றன. அதனால்தான் லண்டனில் நம்மவர்கள் கூடும் இடங்களிலும் “கவுன்சில் வீட்டைப் பாதி விலைக்கு எடுத்தார்” என்று யாரைப் பற்றியாவது பேச்சு அடிபடுகிறது. அது பழைய கணக்கு.

சட்டத்தில் சதவீதம் இன்றும் தாராளமாகத்தான் இருக்கிறது. தனி வீட்டுக்கு 3 முதல் 5 ஆண்டு வாடகைக் காலம் இருந்தால் 35 சதவீதம். அதற்குமேல் ஆண்டுக்கு 1 சதவீதம் கூடும். ஃபிளாட்டுக்கு 50 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு 2 கூடும். இரண்டுக்கும் எல்லை 70 சதவீதம். ஆனால் தள்ளுபடித் தொகைக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு, எது குறைவோ அதுதான் கிடைக்கும். லண்டனில் 1,36,400 பவுண்டாக இருந்த அந்த வரம்பு, 2024 நவம்பர் 21 முதல் பெரும்பாலான லண்டன் பகுதிகளில் 16,000 பவுண்டாகச் சுருங்கிவிட்டது. மற்ற இடங்களில் பகுதிக்கு ஏற்ப மாறும்; அதிகபட்சமே 38,000தான்.

4,00,000 பவுண்டு மதிப்புள்ள லண்டன் ஃபிளாட் ஒன்றில் 12 ஆண்டு இருந்தவரை எடுத்துக்கொள்வோம். சதவீதப்படி 64, அதாவது 2,56,000 பவுண்டு. கையில் கிடைப்பதோ 16,000. வாங்கும் விலை 3,84,000. அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால் 2,63,600க்கு வாங்கியிருக்கலாம். எனவே முதலில் உங்கள் பகுதியின் வரம்பைப் பாருங்கள், சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம்.

தகுதிக்கு மொத்தம் 3 ஆண்டு பொதுத்துறை வாடகைக் காலம் வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. வேறு கவுன்சிலின் வீட்டிலோ, ஹவுசிங் அசோசியேஷன் எனப்படும் லாபநோக்கற்ற வீட்டு அமைப்பின் வீட்டிலோ இருந்த காலமும் சேரும். திவால் நடவடிக்கையில் இருப்பவர்களுக்கும், வீட்டைக் காலி செய்ய நீதிமன்ற உத்தரவு பெற்றவர்களுக்கும் இந்த உரிமை இல்லை. முதியோருக்கென ஒதுக்கிய சில வீடுகளும் விற்பனைக்கு வராது. கடந்த 12 மாதமாக உங்களோடு அதே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் மூன்று பேர் வரை சேர்ந்து வாங்கலாம். அம்மாவின் கவுன்சில் வீட்டைப் பிள்ளைகள் வாங்க நினைக்கும் இடத்தில்தான் இந்த விதி பெரும்பாலும் இடறும்: வேறு ஊரில் இருக்கும் மகன் பணம் தரலாம், கூட்டு விண்ணப்பதாரர் ஆக முடியாது.

ஆர்.டி.பி.1 என்ற விண்ணப்பப் படிவத்தைக் கவுன்சிலிடம் கொடுத்த பின், வழக்கமாக 4 வாரத்தில் அது ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். அடுத்து விலையோடு கூடிய முறையான அறிவிப்பு: தனி வீட்டுக்கு 8 வாரம், ஃபிளாட்டுக்கு 12 வாரம். நீங்கள் சொந்தச் செலவில் செய்த மேம்பாடுகளால் கூடிய மதிப்பை விலையில் சேர்க்கக் கூடாது. விலை அதிகம் என்று தோன்றினால் 3 மாதத்துக்குள் மாவட்ட மதிப்பீட்டாளர் என்ற அரசு அதிகாரியின் மதிப்பீட்டைக் கேட்கலாம். அவர் விலையைக் கூட்டவும் கூடும். கவுன்சில் இழுத்தடித்தால் ஆர்.டி.பி.6, அப்புறம் ஆர்.டி.பி.8 என்ற தாமத அறிவிப்புகளைக் கொடுங்கள். அதன்பின் தாமதக் காலத்தில் கட்டும் வாடகையை விலையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்காமல் யாரும் கழித்துத் தருவதில்லை.

ஃபிளாட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவருக்குள் இருப்பதுதான் உங்களுடையது, கட்டடம் கவுன்சிலுடையது. கூரை, லிஃப்ட், வெளிச்சுவர் வேலைகளில் உங்கள் பங்குக்குச் சர்வீஸ் சார்ஜ் வரும், பெரிய வேலை என்றால் ஆயிரக்கணக்கில் வரும். முதல் 5 ஆண்டுக்கான மதிப்பீடு விலை அறிவிப்பிலேயே இருக்கும். விலைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படிப்பதே நல்லது, சொலிசிட்டரிடமும் (வழக்கறிஞர்) காட்டுங்கள். வாடகைக்காகக் கிடைத்துவந்த அரசு உதவியும் வாங்கியதும் நின்றுவிடும்.

வாங்கி 5 ஆண்டுக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்பித்தர வேண்டும்: முதல் ஆண்டில் முழுவதும், இரண்டாம் ஆண்டில் 80 சதவீதம், பின் 60, 40, 20. கணக்கு விற்கும் விலையின் மேல்தான். மேலே சொன்ன ஃபிளாட்டில் 16,000 என்பது 4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 4,20,000க்கு விற்றால் 13,440 பவுண்டு போய்விடும். 10 ஆண்டுக்குள் விற்பதானால் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் பழைய உரிமையாளரான கவுன்சிலிடம் கேட்க வேண்டும்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து 2016லும் வேல்ஸ் 2019லும் இந்த உரிமையை முடித்துவிட்டன. இங்கிலாந்திலும் கதவு இன்னும் ஒடுங்கப்போகிறது: தகுதிக்கு 10 ஆண்டு, தள்ளுபடி 5 முதல் 15 சதவீதம், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 35 ஆண்டு இந்த உரிமையிலிருந்து விலக்கு என்று அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இவை சட்டமாகி நடைமுறைக்கு வரும் நாள்வரை மேலே சொன்ன விதிகளே பொருந்தும்.